கூடக் கொஞ்சம் கருப்பட்டி

கேப்பை மாவைக் கொதிக்கிற தண்ணீரில் அப்படியே கொட்டினால் கட்டி கட்டியாகிவிடும். பச்சைத் தண்ணீரில் கரைத்துக்கொண்டு, பிறகுதான் உலையில் ஊற்றிக் கிண்ட வேண்டும். எங்கள் பக்கத்து ஆண்களில் பலருக்கு இது தெரியாது. அடுப்படிக்குள் போவதே கௌரவக் குறைச்சல் என்று நினைப்பவர்கள். நான் அப்படிப்பட்டவன் இல்லை சார். வாடிப்பட்டியில் யாரிடம் வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

ரோகிணி என் தாய்மாமன் ஜெயபாண்டியின் மகள். இரண்டு வீடும் ஒரே தெருவில்தான். அவள் பிறந்தபோதே எனக்கென்று பேசி வைத்தது. அந்த உரிமையை வைத்து நான் அவளிடம் அதிகாரம் செய்ததே கிடையாது. ஒத்தக்கடைப் பக்கம் கல்லூரியில் படித்தாள். எண்ணூறு மீட்டர் ஓட்டக்காரி. விடிந்ததும் கால்வாய்க்கரையில் ஓடுவாள். துண்டையும் தண்ணீரையும் வைத்துக்கொண்டு நான் பைக்கில் பின்னாலேயே போவேன். அதற்கப்புறம்தான் சிம்மக்கல்லுக்கு, மொத்த மருந்துக் கடைக்கு, வேலைக்குக் கிளம்புவேன்.

ஓட்டம் போக அவளுக்கு இன்னொரு பைத்தியம் இருந்தது. கிரேக்க நாட்டுப் புராணக் கதைகளை இந்தக் காலத்து இளவட்டங்களுக்காகத் திருப்பி எழுதிய காதல் நாவல்கள். கல்லூரிப் பெண்கள் கைமாற்றிக் கைமாற்றிப் படிப்பார்கள். அதில் ஒரு கதை. ஓட்டத்தில் என்னை ஜெயிப்பவனைத்தான் கட்டுவேன் என்று ஒருத்தி. பழைய கதையில் ஒருவன் தங்கப் பழங்களை வழியில் உருட்டிவிடுகிறான். அவள் பொறுக்கக் குனிந்த நேரத்தில் முந்திக்கொள்கிறான். ரோகிணி வைத்திருந்த புதுப் புத்தகத்தில் அவன் எதையும் உருட்டுவதில்லை. பாதி ஓட்டத்தில் நின்று வழிவிடுகிறான். அவள் ஜெயித்துவிட்டுத் திரும்பி வந்து, தானாகவே அவன் கையைப் பிடிக்கிறாள். அந்த இடத்தை எனக்கு வாசித்துச் சொன்னபோது ரோகிணிக்குக் கண் கலங்கிவிட்டது.

"இதுல வாரவன் அப்படியே ஒங்கள மாதிரி மச்சான்" என்றாள்.

அதன் பிறகு அந்தப் புத்தகங்களை நானும் ஒவ்வொன்றாகப் படித்தேன். என் இங்கிலீஷுக்கு மெதுவாகத்தான் போனது. ஆனால் விஷயம் புரிந்துவிட்டது. மிரட்டுகிறவன், தடுக்கிறவன், தூக்கிக்கொண்டு போகிறவன் காலமெல்லாம் போய்விட்டது. இப்போது பெண்களுக்கு ஒதுங்கி நின்று துண்டு நீட்டுகிறவனைத்தான் பிடிக்கிறது. அவர்களாக வர வேண்டும், அதுதான் முக்கியம். எனக்கு அது நியாயமாகப் பட்டது. அவளுக்குக் கேப்பைக் கஞ்சி காய்ச்ச ஆரம்பித்தது அப்போதுதான். ஃபிளாஸ்க்கும் கையுமாக நான் நிற்கிற போட்டோவைப் பார்த்து, இப்படி ஒருத்தர் எங்களுக்கும் கிடைப்பாரா என்று அவளுடைய தோழிகள் கேட்டார்களாம்.

அந்த வருஷம் தமிழ்வாணி மேடம் ஒரு செய்தி கொண்டுவந்தார். ரோகிணிக்குப் பயிற்சி கொடுத்தவர் அவர். சென்னையில் தேர்வுப் போட்டி. அதில் தேறினால் அங்கேயே விடுதியில் தங்கிப் பயிற்சி.

"போயிட்டா நாலஞ்சு வருஷத்துக்குக் கல்யாணப் பேச்சே எடுக்க முடியாது மச்சான். காத்திருப்பீங்கள்ல?" என்று ரோகிணி கேட்டாள்.

"நீ ஓடு புள்ள" என்றேன்.

மாமாவுக்கு இஷ்டமில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீ ஒரு வார்த்தை வேணாம்னு சொல்லு மாப்ள, இன்னைக்கே நிறுத்திப்புடுறேன்" என்றார்.

"அவ ஆசைப்படி போகட்டும் மாமா. தடுக்க நாம யாரு?"

கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறாள். மறுநாள் கால்வாய்க்கரையில் என் தோளில் சாய்ந்து அழுதாள். அவள் அதுவரை என்னைத் தொட்டதில்லை. அப்போது நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று உங்களிடம் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அந்த வாரத்தில்தான் மாத்திரையைத் தொடங்கினேன்.

அது விஷமில்லை. மூச்சுத்திணறலுக்கும் தோல் தடிப்புக்கும் டாக்டர்கள் எழுதிக் கொடுக்கிற ஸ்டீராய்டு மாத்திரைதான். எங்கள் கடையில் பெட்டி பெட்டியாக இருக்கும். நாள்பட்டுச் சாப்பிட்டால் முகம் உப்பும், உடம்பு கனக்கும், எலும்பு பலமிழக்கும். பொடித்துக் கலந்தாலும் கசக்கும். அதனால் கஞ்சியில் கூடக் கொஞ்சம் கருப்பட்டி போட்டேன்.

மாதங்கள் போகப் போக அவள் வேகம் குறைந்தது. முன்பெல்லாம் அவளோடு போக பைக்கை முறுக்க வேண்டியிருக்கும். இப்போது பிரேக்கைப் பிடித்துக்கொண்டே போனேன். கண்ணாடியைப் பார்த்துக் கன்னத்தைக் கிள்ளிக்கொண்டாள். சாப்பாட்டைக் குறைத்தாள். கஞ்சியை மட்டும் விடவில்லை; நான் மெனக்கெட்டுச் செய்கிறேனே என்று.

ஒருநாள் மைதானத்தில் தமிழ்வாணி மேடம் அவள் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மூஞ்சி ஏண்டி இம்புட்டு உப்பிக் கெடக்கு? எதும் மாத்திரை கீத்திரை போடுறியா?"

"இல்ல மேடம். வீட்டுச் சாப்பாடுதான். மச்சான் காச்சுற கஞ்சிதான்."

மேடம் என்னைப் பார்த்தார். பிறகு ஃபிளாஸ்க்கைப் பார்த்தார். "எனக்கும் கொஞ்சம் ஊத்துங்க தம்பி."

ஊற்றினேன். மூடியில் ஊற்றியதை ஒரு வாய் உறிஞ்சி, நாக்கில் வைத்துக்கொண்டு நின்றார். ரோகிணி சிரித்தபடி அவர் வாயையே பார்த்தாள். நானும் பார்த்தேன். ஒரு வேளைக் கஞ்சியால் யாருக்கும் எதுவும் ஆகிவிடாது என்று எனக்குத் தெரியும். அந்தக் கசப்பு நாக்கில் தட்டுமா என்பதுதான் தெரியாது.

"இனிப்பு தூக்கலா இருக்கு" என்றார். "இதான் வெயிட் போடுது. கருப்பட்டியக் கொறைங்க."

சரி மேடம் என்றேன்.

சென்னைப் போட்டியில் இரண்டாவது சுற்று வளைவில் அவள் விழுந்தாள். யாரும் இடிக்கவில்லை. கால் எலும்பு தானாக விரிசல் விட்டிருந்தது. மைதானத்திலிருந்து நான்தான் தூக்கிக்கொண்டு வந்தேன்.

"எனக்கு இம்புட்டுத்தான் போல மச்சான்" என்றாள். கட்டுப் போட்ட காலோடு வீட்டில் கிடந்தவள், ஒரு சாயங்காலம் தானாகவே, "கல்யாணத்த வச்சுக்கலாமா?" என்று கேட்டாள். கவனியுங்கள் சார், நான் கேட்கவில்லை. அவள்தான் கேட்டாள்.

கட்டுப் பிரித்த கையோடு நிச்சயதார்த்தம் நடந்தது. அதில் எடுத்த போட்டோக்களைப் பார்த்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. அவள் முகமாகவே இல்லை. கல்யாணப் போட்டோவிலாவது பழைய முகம் வேண்டும் என்று நினைத்தேன். மறுநாளே மாத்திரையை நிறுத்திவிட்டேன். நாள்பட்டுச் சாப்பிட்டதைச் சட்டென்று நிறுத்தினால் உடம்பு தாங்காது, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். கடைக்கு வருகிறவர்களுக்கு நானே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். ஆனால் முகூர்த்தம் கிட்டத்தில் இருந்தது.

அந்த வாரம் முடிவதற்குள் வாந்தி. எழுந்தால் தலை சுற்றிக் கீழே உட்கார்ந்தாள். ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போனது. மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டருக்குப் பிடிபடவில்லை. விஷக்காய்ச்சலாக இருக்கும் என்று பார்த்தார்கள், சாப்பாட்டுக் கோளாறோ என்று பார்த்தார்கள். மத்தியானம் டாக்டர் எங்களைக் கட்டிலருகே கூப்பிட்டார்.

"இந்தப் பொண்ணு ரொம்ப நாளா எதாவது மருந்து எடுத்துக்கிட்டு வந்துச்சா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

ரோகிணியின் அம்மா கனகலட்சுமி அத்தை என் சட்டையைப் பிடித்தார். "நீதானப்பா மருந்துக் கடையில இருக்க. இவ ஒன்கிட்ட எல்லாத்தையும் சொல்லுவாளே. சொல்லு அழகு."

அந்த மாத்திரையைச் சட்டென்று நிறுத்தியதால் வருகிற கோளாறுக்கு ஓர் ஊசி உண்டு. அந்த ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்து மருந்தகத்திலேயே இருந்திருக்கும். போட்டால் சில மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்திருப்பாள். நான் ஒரு சொல் சொன்னால் போதும். அவள் கண்ணைத் திறந்து என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எதுவும் இல்ல டாக்டர்" என்றேன்.

டாக்டர் நகரவில்லை. அவளிடமே குனிந்து கேட்டார்.

"மச்சானுக்குத் தெரியாம நான் ஒண்ணும் சாப்புட மாட்டேன்" என்றாள் ரோகிணி. குரல் எழும்பவில்லை. என் விரலைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலை வெயில் ஏறுவதற்குள் போய்விட்டாள். அறுத்துப் பார்க்காமல் உடம்பைக் கொடுக்க விடமாட்டேன் என்று தமிழ்வாணி மேடம் வாசலில் மறித்து நின்றதால்தான் நான் இப்போது உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். அவர் மேல் எனக்குக் கோபமில்லை.

மாத்திரை கலந்தது நான்தான். கேட்டபோது மறைத்ததும் நான்தான். ஏன் மறைத்தாய் என்று நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். மாட்டிக்கொள்வோம் என்ற பயத்தால் இல்லை சார். அந்தக் கட்டிலில் கிடந்தபோதும் அவள் என்னை நல்லவன் என்றே நம்பிக்கொண்டிருந்தாள். சாகக் கிடக்கிற பெண்ணிடமிருந்து அதையும் பிடுங்க எனக்கு மனசு வரவில்லை.