நிறம் போன தண்ணீர்

முருங்கைக்கீரை ஆய்வதில் எங்கள் வேதியியல் துறையில் என்னை மிஞ்ச ஆளில்லை. ஒரு கட்டுக் கீரையை ஐந்தே நிமிடத்தில் உருவிவிடுவேன். இலையைக் கொதிக்கவைத்து வடிகட்டி, துத்தநாக உப்பைக் கலந்து, உலையில் சுட்டால் வெள்ளை மாவு கிடைக்கும். அவ்வளவும் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள். சாயத் தண்ணீரில் ஒரு சிட்டிகை போட்டு வெயிலில் வையுங்கள். மத்தியானச் சாப்பாடு முடித்து வருவதற்குள் நீலம் காணாமல் போயிருக்கும். திண்டுக்கல் வெயிலுக்கு இதைவிட நல்ல வேலை கிடையாது.

என் ஆராய்ச்சி மாணவி ஜீவிதா கெட்டிக்காரி. கொஞ்சம் துருவுகிற சுபாவம். தெளிந்த தண்ணீரில் மீன்குஞ்சுகளை விட்டுப் பார்த்திருக்கிறாள்.

"கலர்தான் போச்சு மேடம், விஷம் போகல. விட்ட குஞ்சு அம்புட்டும் செத்துக் கெடக்கு," என்றாள்.

எங்கள் ஆய்வின் தலைப்பு நிறநீக்கம். மீனைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. அவள் எழுதிய அந்த ஒரு பக்கத்தை மட்டும் அறிக்கையிலிருந்து எடுத்துவிட்டேன்.

செம்பட்டிப் பக்கம் சாயப்பட்டறை வைத்திருக்கும் மிக்கேல்ராஜ் எங்கள் மாவை நம்பித் தொட்டி கட்டினார். திறப்பு விழாவில் மாலை, கைதட்டல், கேசரி. முந்திரி தாராளமாகப் போட்டிருந்தார்கள். தொட்டித் தண்ணீர் போகும் வாய்க்கால், பழனியம்மாளின் கனகாம்பரத் தோட்டத்தை ஒட்டி ஓடுகிறது. அதுவரை சிவப்பும் நீலமுமாக வந்ததால், அவரும் கணவர் உடையப்பனும் மாட்டைக்கூட அண்டவிட மாட்டார்கள். அன்று பளிங்காக ஓடியது.

"டீச்சரம்மா, இதக் குடிக்கலாமா? எங்களுக்குக் கொழாயில தண்ணி வந்து பன்னெண்டு நாளாச்சு," என்று கேட்டார் பழனியம்மாள்.

"தாராளமாக் குடிங்கம்மா," என்றேன்.

எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். விழா மேடையில் வேறென்ன சொல்வது?

முதலில் மாடு செத்தது. மூன்றாம் மாதம் உடையப்பன். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டதாக ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். நான் எடுத்துவிட்ட அந்தப் பக்கத்தின் நகலை ஜீவிதா இந்த ஸ்டேஷனுக்கே கொண்டுவந்து உங்களிடம் கொடுத்துவிட்டாள். நல்ல பெண், அவள்மேல் எனக்குக் கோபமில்லை.

ஆமாம் ஐயா, மீன் செத்தது தெரியும். தெரிந்துதான் குடிக்கச் சொன்னேன். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் நிறம் தொண்ணூற்றாறு சதவீதம் போயிருந்தது என்பதையும் விடாமல் எழுதுங்கள்.

அன்று பழனியம்மாள் முதல் செம்பை மோந்து எனக்குத்தான் நீட்டினார். ஏன் வாங்கிக் குடிக்கவில்லை என்று கேட்கிறீர்கள். எனக்கு வெளித்தண்ணீர் ஒத்துக்கொள்ளாது ஐயா, உடனே சளி பிடித்துவிடும்.