ஏழாவது மாடிக்கு மேலே

— கையைப் பிடிக்காதக்கா. நானே ஏறிக்குவேன்.

— இப்படிச் சொல்லியே நாலு பெட்டியை விட்டுட்ட, டெட்லெஃப். இந்த லிஃப்ட் யாருக்கும் நிக்காது, கதவும் கிடையாது. ஒண்ணு பின்னால ஒண்ணா பெட்டிங்க இந்தப் பக்கம் ஏறும், அந்தப் பக்கம் இறங்கும், சுத்திட்டே இருக்கும். பெட்டி வரும்போது காலை வைக்கணும், அவ்வளவுதான்.

— நின்னா ஏறமாட்டேனா?

— அம்பத்தெட்டு வயசாச்சுடா உனக்கு. வருஷத்துல இந்த ஒரு ஞாயித்துக்கிழமைதான் வெளியாளுங்களை உள்ள விடுறாங்க.

— எட்டு வயசுல அப்பா இதே இடத்துல நிக்கவெச்சுதான் சொன்னாரு. கடைசி மாடி, ஏழாவதுல இறங்கலேன்னா பெட்டி கவுந்து, தலைகீழாத்தான் கீழ வருவேன்னு.

— ஹாம்பர்க்ல எந்த அப்பா அதைச் சொல்லல? நாங்கல்லாம் பத்து வயசுல நம்பறதை விட்டுட்டோம்.

— உங்களை அப்பா தான் சாகுற வரைக்கும் பயந்தாங்கொள்ளின்னு கூப்பிடல. ஆஸ்பத்திரியில நர்ஸ்கிட்ட கூட, 'இவன்தான் என் பயந்தாங்கொள்ளி'ன்னாரு. வலிச்சுதுக்கா.

— அதுக்குத்தானே வந்திருக்கோம். ஒரு சுத்து சுத்திட்டு வா, அந்தப் பேரு போகட்டும்.

— வாட்ச்மேன் ஐயா, நிஜமா மேல தாண்டிப் போனா என்ன ஆகும்?

— ஒண்ணும் ஆகாது, பாருங்க. முப்பத்தாறு வருஷமா இந்த வாசல்லதான் உக்காந்திருக்கேன். கொஞ்சம் இருட்டா இருக்கும், பெட்டி பக்கவாட்டுல நகர்ந்து அந்தப் பக்கமா இறங்கும். போகக்கூடாதுன்னு பலகை இருக்கு. நான் இப்ப மூக்குக்கண்ணாடி துடைக்கப் போறேன், பாருங்க.

— கேட்டியா? இதோ வருது, நானும் கூட ஏறுறேன். வை காலை.

— வெச்சுட்டேன். அக்கா, வெச்சுட்டேன்.

— அஞ்சு. ஆறு. கண்ணைத் திறடா.

— ஏழு போயிடுச்சு. இருட்டுக்கா.

— நேரா நிக்கிறியா?

— நேராத்தான் நிக்கிறேன். எண்ணெய் வாசனை வருது. அந்தச் சக்கரம் எவ்ளோ பெருசு, பாரேன். எப்படி இத்தனை பெட்டியையும் இழுக்குது? இன்னொரு சுத்து போலாமா?

— முதல்ல கீழ இறங்கு. மீன் ரொட்டி வாங்கித் தரேன்.

— ஐயா, போயிட்டு வந்துட்டேன். எங்கப்பா இங்கதான் காப்பிக் கம்பெனியில குமாஸ்தாவா இருந்தாரு. ஏழாவது மாடி, ஹார்ம்ஸ்னு பேரு. தினம் எத்தனை தடவை இதுல ஏறியிருப்பாரோ.

— ஹார்ம்ஸ் ஐயாவா? இதுலயா? ரிட்டையர் ஆகுற வரைக்கும் ஏழு மாடியும் படியேறித்தான் போனாரு, பாருங்க. கடைசி நாள் நானே கையைப் பிடிச்சுக் கூப்பிட்டேன். கவுந்துடும்னு சொல்லி உதறிட்டுப் போயிட்டாரு.