சிவப்புக் கயிறு கட்டிய மூட்டை

வெள்ளாட்டுக்குச் செம்புச்சத்து குறைந்தால் முதலில் வாலைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தது நீங்கள்தான், டாக்டரம்மா. வால் நுனியில் முடி கொட்டி மீன் வால் மாதிரி பிளந்து நிற்கும். கறுப்பு ஆடு துரு நிறத்துக்கு மாறும். பிறக்கிற குட்டிக்குப் பின்னங்கால் ஊன்றாது. எங்கள் பட்டியில் இந்த மூன்றும் இருந்தன. நீங்கள் எழுதிக்கொடுத்த தாது உப்பைத் தீவனத்தில் கலந்து வைத்த பிறகு, ஆட்டின் முதுகில் கை வைத்தால் வழுக்கியது. அந்த நன்றி எனக்கு எப்போதும் உண்டு.

செத்த செம்மறிகளின் ஈரலை நீங்கள் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறீர்கள். நாளை மறுநாள் முடிவு வரும் என்றார்கள். அதற்கு முன் நானே வந்து சொல்லிவிடுவதுதான் மரியாதை. கதவைச் சாத்தியதற்கு மன்னியுங்கள். வெளியே பெஞ்சில் இரண்டு பேர் நாயோடு உட்கார்ந்திருக்கிறார்கள்.

என் தங்கையை உங்களுக்குத் தெரியும். அம்மா போனபோது அவளுக்கு ஏழு வயது. தலை வாரிவிட்டது, பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டது, காய்ச்சல் வந்தால் நெற்றியில் ஈரத்துணி போட்டது எல்லாம் நான். சொல்லிக்காட்டவில்லை. கல்யாணத்தையும் நானே முன்னால் நின்று செய்துவைத்தேன். மாப்பிள்ளை முப்பத்தொரு செம்மறிகளோடு எங்கள் வீட்டுக்கே குடிவந்தார். அன்றிலிருந்து அவருக்குக் கம்பளி என்று பெயர். நான் வைத்ததுதான். கூப்பிட்டால் சிரித்துக்கொண்டே திரும்புவார். நல்ல மனிதர், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

செம்மறிகள் வந்த வாரமே நீங்கள் பட்டிக்கு வந்து எச்சரித்தீர்கள்.

"வெள்ளாட்டுக்கு இந்த உப்பு சத்து. செம்மறிக்கு விஷம். அதோட உடம்புலேர்ந்து செம்பு வெளிய போகாது, ஈரல்லயே தங்கிடும். மாசக்கணக்கா ஒண்ணும் தெரியாது. ஒரு நாள் வண்டில ஏத்தினாலோ மிரண்டாலோ மொத்தமா ரத்தத்துல கலந்துடும். அப்புறம் என்னைக் கூப்பிட்டுப் பிரயோஜனமில்ல."

தங்கை உடனே வெள்ளாட்டுத் தாது உப்பு மூட்டையின் கழுத்தில் சிவப்புக் கயிறு கட்டினாள். இரண்டு தொட்டிகளுக்கும் நடுவே கம்பளி பலகை அடித்தார். நான் ஆணி எடுத்துக் கொடுத்தேன்.

நாலு மாதத்துக்கு முன்பு ஒரு காலை, டீ குடித்துக்கொண்டிருந்தபோது கம்பளி பேச்சை எடுத்தார்.

"மச்சான், எங்க அண்ணன் இருக்கற பக்கம் நல்ல மேய்ச்சலாம். வெயில் குறைஞ்சதும் நாங்க அங்க போயிடலாம்னு இருக்கோம்."

தங்கை என் முகத்தைப் பார்க்கவில்லை. டம்ளரைக் கழுவ எழுந்து போனாள்.

"நல்லதுதானே மாப்பிள்ளே," என்றேன்.

மறுநாள் காலை செம்மறித் தொட்டியில் ஒரு கை போட்டேன், சிவப்புக் கயிறு மூட்டையிலிருந்து. தவிட்டோடு பிசைந்துவிட்டால் தெரியாது. பலகைக்கு அந்தப் பக்கம் வெள்ளாடுகள் அதையேதான் தின்று கொழுத்தன. அதனால் விஷம் வைக்கிறவன் என்று என்னை நினைத்துக்கொள்ள எனக்கு வரவில்லை. இரண்டாம் மாதம் ஒரு கை இரண்டு கை ஆனது. ஆடுகள் போய்விட்டால் போவதற்குக் காரணமும் போய்விடும், அவ்வளவுதான் கணக்கு.

ஏற்றுகிற நாளில் நானும் தோள் கொடுத்தேன். லாரியின் பின்கதவைத் தாழிட்டது நான். வழியில் டயர் வெடித்து அரை நாள் வெயிலில் நின்றதாம். மறுநாள் மதியம் லாரி எங்கள் வாசலுக்கே திரும்பியது. ஆடுகளுக்குக் கண்ணெல்லாம் மஞ்சள். லாரிப் பலகையெல்லாம் கஷாய நிறத்தில் மூத்திரம். மூன்று நாளில் முப்பது ஆடுகள் விழுந்தன. நீங்கள் முட்டி போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தீர்கள். நான் உங்களுக்குத் தண்ணீர் வாளி தூக்கிவந்தேன்.

தங்கை கம்பளியின் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

"நெருக்கி ஏத்தாதீங்கன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேனே! வெயில்ல போட்டு வாட்டிக் கொன்னுட்டீங்களே!"

"ஆமா, நான்தான் கொன்னேன்," என்றார் அவர்.

நான் பக்கத்தில் நின்றேன். அன்றிலிருந்து அவர் காலித் தொட்டியின் விளிம்பிலேயே உட்கார்ந்திருக்கிறார். சாப்பிடுவதில்லை. நான்தான் தட்டை எடுத்துப்போய், "விடுங்க மாப்பிள்ளே, நம்ம நேரம்," என்பேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறார், டாக்டரம்மா. அந்தக் கையைத்தான் பிடிக்கிறார். எனக்கு வெட்கமாக இருக்கிறது. பன்னிரண்டு நாளாக இப்படித்தான். நான் பாவி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் நேற்று தங்கை அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "போனது போகட்டும். மிச்சம் இருக்கறதை வச்சு ஆரம்பிப்போம்," என்றாள். திங்கட்கிழமை கிளம்புகிறார்கள்.

மிச்சம் என்றால் பிழைத்த ஒரே செம்மறி, கோணக்காது. அது உங்களுக்கு நினைவிருக்கும், சினையாக இருக்கிறது. மற்றதெல்லாம் முட்டித் தள்ளிவிடும் என்பதால் அது தொட்டியில் வாய் வைத்ததே குறைவு. அதனால்தான் பிழைத்தது. தங்கை அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டுதான் தூங்குகிறாள்.

எனக்கு ஒரே ஒரு உதவி வேண்டும். ஈரல் முடிவை அவர்களிடம் சொல்லாதீர்கள். கம்பளி தாங்குவார், ஏற்கெனவே தாங்கிக்கொண்டுதானே இருக்கிறார். தங்கையிடம் மட்டும், கோணக்காதை வண்டியில் ஏற்றினால் செத்துவிடும், ஒரு வருஷமாவது அசைக்கக்கூடாது என்று சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பாள். அதை விட்டுவிட்டுப் போகமாட்டாள்.

நீங்கள் பொய் சொல்ல வேண்டியதில்லை. லாரி திரும்பிவந்த மறுநாளிலிருந்து அதற்குத் தனியாக, தினமும் அந்தச் சிவப்புக் கயிறு மூட்டையிலிருந்து மூன்று கை வைத்துவருகிறேன்.