நாலாவது ஆளுக்கு ஒரு கல்

கரண்ட் இப்போதைக்கு வராது. செல்போன் டார்ச்சை அணையுங்கள், சார்ஜ் வீணாகிறது. கிட்ட வந்து உட்காருங்கள்... இது என் சகலையின் கூட்டாளி பார்த்திபனுக்குப் போன வருஷம் நடந்தது. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். நடுவில் சிரித்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

உச்சி வெயில். மேல்மலையனூரிலிருந்து செஞ்சிக்கு வருகிற ரோடு. அமாவாசைக்கு மறுநாள். முந்தின நாள் எள் போட்டால் எள் விழாத கூட்டம். அன்றைக்கு ஈ காக்கை இல்லை. பார்த்திபன் காரை ஓட்டிக்கொண்டு வருகிறான். பக்கத்தில் பெண்சாதி ஷோபனா, பின்சீட்டில் மகள் மோனிகா. மூன்று பாஸ்போர்ட்டையும் அங்காளம்மன் காலடியில் வைத்து வாங்கி வருகிறார்கள். ஜெர்மனியில் இருக்கிற தம்பி இனியனிடம் போய், தெற்குப் பக்கம் இருக்கிற சின்னச் சின்ன ஊர்களைக் காரிலேயே சுற்றிப் பார்ப்பதாகத் திட்டம்.

ஏரிக்கரை வந்ததும் ஷோபனாவுக்குத் திடீரென்று உறைத்தது.

"இன்னாங்க, மூணு பேரா போறோமே... போற காரியம் நல்லா முடியணுமில்ல? எறங்கி ஒரு கல்லு எடுத்துக்கினு வாங்க."

நம்ம வழக்கம்தானே. மூன்று பேராகக் கிளம்பினால் ஒரு கல்லை எடுத்துப் பையில் போட்டுக்கொள்வோம், அது நாலாவது ஆள் கணக்கு. பார்த்திபன் இறங்கினான். ஏரி வற்றி, பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. கருப்பாக, வழவழவென்று, உள்ளங்கை அகலத்தில் ஒரு கல். எடுத்தான். அந்த வெயிலில் கிடந்த கல்... சில்லென்று இருந்தது. லேசாக நல்லெண்ணெய் வாசனை வேறு. அதையெல்லாம் யார் கவனிக்கிறார்கள்? மோனிகாவுக்குப் பக்கத்துக் காலி சீட்டில் வைத்துவிட்டு வண்டியை எடுத்தான்.

டிங்... டிங்... டிங்...

பின்சீட்டில் யாரோ பெல்ட் போடவில்லை என்று கார் கத்துகிறது.

"நான் போட்டுனுதான் இருக்கேன் நைனா," என்றாள் மோனிகா.

கல் இருந்த சீட்டுதான். அரைக் கிலோ தேறாத கல்லுக்குப் போய் எந்தக் கார் கத்தும்? மோனிகா சிரித்துக்கொண்டே அந்தச் சீட்டு பெல்ட்டையும் இழுத்து மாட்டினாள். க்ளிக். சத்தம் நின்றது.

நாலாவது ஆளுக்கு ஏன் கல் தேடினார்கள்? சொன்னால் உங்களுக்கு வயிறு எரியும்.

முதலில் போட்ட திட்டத்தில் நாலு பேர். அம்மா வள்ளியம்மாளை அழைத்து வரச்சொல்லித்தான் இனியன் இந்தப் பேச்சையே எடுத்தான். சின்ன மகனைப் பார்த்து ஆறு வருஷம் ஆகியிருந்தது அவளுக்கு. பாஸ்போர்ட் எடுத்தாள். பஜாரில் ஸ்வெட்டர் வாங்கினாள். சாயங்காலம் பார்த்திபன் லேப்டாப்பில் ரூட் போட, பக்கத்தில் உட்கார்ந்து ஊர்ப் பெயர் சொல்லிப் பார்ப்பாள். நோர்ட்லிங்கன் அவள் வாயில் நாட்டுலிங்கம். ரோத்தன்பர்க் ரத்தினபுரி. "நாட்டுலிங்கத்துல ராத்தங்கிட்டு ரத்தினபுரிக்குப் போலாமாடா?" என்று கேட்டுவிட்டு அவளே விழுந்து விழுந்து சிரிப்பாள்.

பார்த்திபனுக்கு உள்ளுக்குள் வேறு கணக்கு. முட்டி வலிக்காரி, எழுந்தால் உட்கார்ந்தால் முட்டி சொடுக்கும். மணிக்கு ஒருதரம் பாத்ரூம். வாய் நிறைய வெற்றிலை. ஊர் பார்ப்பதா, இவளைப் பார்ப்பதா? ஆனால் கெட்ட பெயர் மட்டும் தனக்கு வரக்கூடாது. தம்பிக்கு போன் போட்டான்.

"அம்மா பிளேனுன்னா பயப்படுதுடா. வரலியாம்."

அம்மாவிடம் வந்து, "தம்பிதாம்மா வேணாம்னுட்டான். கார்ல எடம் இல்லியாம்," என்றான். அதே நாக்கு!

அவள் அழவில்லை. "அப்பிடியா சொன்னான்?" என்று ஒரே ஒருமுறை கேட்டாள். அன்றிலிருந்து இனியன் கூப்பிட்டால் போனைத் தொடமாட்டாள். "வேலையா இருக்கேன்னு சொல்லு" என்று எழுந்து போய்விடுவாள். தை மாதம் கண்ணை மூடினாள். ஜெர்மனியில் பனி கொட்டி விமானம் கிளம்பவில்லை, அப்புறம் லீவும் கிடைக்கவில்லை. இனியன் கருமாதியைச் செல்போனில் பார்த்துத் தேம்பித் தேம்பி அழுதான். "எங்கிட்ட ஏண்ணா பேசாமலே பூட்டுது?" என்று கேட்டான். பாவி, அப்போதாவது வாயைத் திறந்தானா இவன்? இல்லை.

சரி, கல்லுக்கு வருகிறேன். கோயிலிலிருந்து வந்த அன்று சாயங்காலம் ஓட்டல் அறை பார்க்க உட்கார்ந்தான். லேப்டாப் பக்கத்தில் கல். கூடம் முழுக்க நல்லெண்ணெய் வாசனை... ஊடே வெற்றிலை வாசனை. கல்லைப் புரட்டினான். அடியில் ஒரு பிளவு. பிளவுக்குள் மக்கிப்போன மஞ்சள் நூல்.

அவன் கையால் சுற்றிய நூல். கருமாதியில் அம்மாவாக நினைத்து நட்டு, எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, படையல் போட்டு, கடைசியில் அதே ஏரித் தண்ணீருக்குள் முதுகுப் பக்கமாக எறிந்த கல். மலையே கல்லாகக் குவிந்து கிடக்கிற செஞ்சியில், நாலாவது ஆளாக அவன் கைக்கு அதுதானா அகப்படவேண்டும்?

யாரிடமும் மூச்சு விடவில்லை. மறுநாள் மதியம் தனியாகக் காரை எடுத்தான். கல்லை முன்சீட்டில் வைத்தான். டிங்... டிங்... அந்தச் சீட்டுக்கு பெல்ட் போட்டான். நின்றது.

ஏரி நடுவில் குட்டையாகக் கொஞ்சம் தண்ணீர் இருந்தது. அதற்கு முதுகைக் காட்டி நின்று, கல்லைத் தோளுக்கு மேலாக எறிந்தான். தொப்பென்று விழவேண்டும் அல்லவா? விழுந்த சத்தமே இல்லை. அதற்குப் பதில்... மடக்... மடக்... முட்டி சொடுக்குகிற சத்தம். மெதுவாகக் கிட்டே வருகிறது. வெற்றிலை வாசனை பிடரியில் படுகிறது.

"அப்பிடியா சொன்னான்?"

ஒரு வார்த்தை போதும் ஐயா. 'இல்லம்மா, அவன் சொல்லல, நான்தான் பொய் சொன்னேன்.' பெற்றவள்தானே, பொறுத்துக்கொண்டு போயிருப்பாள். கேட்கிறவள் செத்தவள் என்று தெரிந்தும் அவனுக்கு அது வாயில் வரவில்லை.

"எதுவா இருந்தாலும் அவன்கிட்டயே போயி கேட்டுக்கோ! என்ன வுட்டுடு!" என்று கத்திவிட்டு ஓடினான்.

திரும்பி வரும்போது கார் சத்தம் போடவில்லை. வாசனையும் இல்லை. அப்பாடா என்று வீட்டுக்கு வந்து குளித்தான், நன்றாகச் சாப்பிட்டான். விளக்கு வைக்கிற நேரத்தில் போன் அடித்தது. இனியன்.

"அண்ணா... அம்மாகிட்ட நான் எப்பண்ணா சொன்னேன், கார்ல எடம் இல்லன்னு?"

"யார்றா... யார்றா சொன்னது அப்பிடி?" என்றான் பார்த்திபன்.

தம்பி பேசினான். பயந்த குரல் இல்லை. கசந்த குரல்.

"இரு... அம்மாகிட்டயே குடுக்கறேன்."