‘எல்லாம் நலம்’ என்ற கடைசி வரி

இந்த டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், சார். பரவாயில்லை. அளவு தெரியாதவர்களோடு வேலை பார்த்துப் பார்த்து எனக்குப் பழகிவிட்டது.

நான் சோதனைக்காரி. எங்கள் கம்பெனி ஆஸ்பத்திரிகளுக்கு ஒரு புரோகிராம் விற்கிறது. படம், பொத்தான் எதுவும் கிடையாது. கறுப்புத் திரையில் மருந்தின் பெயரையும் நோயாளியின் எடையையும் தட்டினால், எவ்வளவு மருந்து ஏற்ற வேண்டும் என்று ஒரு வரி வரும். அந்த வரி சரியா என்று பார்ப்பதுதான் என் வேலை. அதற்காக ஒரு ஷெல் ஸ்கிரிப்ட், அதாவது கம்ப்யூட்டர் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யவேண்டிய கட்டளைகளின் பட்டியல், எழுதி வைத்திருந்தேன். விதவிதமான எடைகளைக் கொடுத்து அது புரோகிராமை ஓட்டும். வருகிற விடையை நான் கணக்குப் போட்டு வைத்திருக்கும் விடையோடு ஒப்பிடும். ஒன்று பிசகினாலும் சுவரில் உள்ள பெரிய திரை சிவப்பாகும். எல்லாம் சரியென்றால் பச்சை. பச்சை வந்தால்தான் புரோகிராம் வெளியே போகலாம்.

எங்கள் மேனேஜருக்கு அந்தத் திரையில் நிறம் மட்டும்தான் தெரியும். மாடுகூடப் பச்சையைக் கண்டால் ஒரு வாய் மென்று பார்க்கும். இவர் அதையும் செய்யமாட்டார்.

புரோகிராமை எழுதியவனை ஆபீசில் மேதாவி என்பார்கள். கிண்டலாக ஆரம்பித்தது நான்தான். அவன் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டான். என்னைவிடச் சின்னவன். வாய்க்கு வாய் அக்கா என்பான்.

“அக்கா, உங்க நாய் இன்னைக்கும் குரைக்குதா?” என்று கேட்பான், சிவப்பு வந்தால். என் ஸ்கிரிப்டைத்தான் நாய் என்பான். மற்றவர்கள் சிரிப்பார்கள்.

“எதுக்குக் குரைக்குதுன்னு போய்ப் பாருப்பா.”

“பாத்துட்டாப் போச்சு. மொதல்ல அதுக்கு ஒரு பிஸ்கட் போடுங்க.”

ஒருநாள் யாரோ பெரிய மனிதர்கள் பார்க்க வருகிறார்கள் என்று, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் என் ஸ்கிரிப்டைத் திறந்து கடைசியில் ஒரு வரி சேர்த்தான். இருபுறமும் நட்சத்திரங்கள், நடுவில் ‘எல்லாம் நலம்’. சோதனை தோற்றால் ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றுவிடும், இந்த வரிவரை வராது என்று நினைத்திருக்கிறான். ஷெல் அப்படி நிற்காது, சார். சொன்னதையெல்லாம் வரிசையாகச் செய்துகொண்டே போகும். கடைசி வேலை எப்படி முடிந்ததோ, அதுதான் மொத்த ஸ்கிரிப்டின் முடிவு. சுவரின் நிறம் அதை வைத்துத்தான். முன்பு கடைசி வேலை என் தீர்ப்பு. இப்போது கடைசி வேலை நட்சத்திரம் அச்சிடுவது. அச்சிடுவதில் யார் தோற்பார்கள்? அன்றிலிருந்து என்ன நடந்தாலும் சுவர் பச்சைதான்.

எனக்குப் பார்த்தவுடனே புரிந்துவிட்டது. வாயைத் திறக்கவில்லை. என்னைக் கேட்டா சேர்த்தான்?

பிறகு அவன் புரோகிராமில் கை வைத்தான். எடை தட்ட மறந்துவிட்டால் பத்து கிலோ என்று தானே எடுத்துக்கொள்ளும், நர்சுகளுக்கு வசதியாம். எடை தட்டினார்களா என்று பார்க்கிற இடத்தில், புள்ளிக்குப் பின்னால் உள்ளதை வெட்டி எறிந்துவிட்டான். ஆக, ஒரு கிலோவுக்கும் குறைவான குழந்தை அவன் கணக்கில் எடையே இல்லாத குழந்தை. அதற்குப் பத்து கிலோவுக்கான மருந்து. என் சோதனை அதைப் பிடித்தது. ‘தோல்வி’ என்று தெளிவாக எழுதியது. அதற்குக் கீழே நட்சத்திரங்கள், எல்லாம் நலம். சுவர் பச்சை. புரோகிராம் வெளியே போனது, மேனேஜர் கேக் வாங்கி வந்தார். நான் இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

திரையைக் கொஞ்சம் மேலே நகர்த்தினால் போதும், தெரிந்துவிடும். ஆபீசில் ஒருவருக்கும் அதற்கு விரல் அசையவில்லை.

அவன் மனைவிக்கு ஏழு மாதம் முடிவதற்குள் பிரசவமாகிவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தான்.

“பொண்ணுக்கா. ஒரு கிலோகூட இல்ல. உள்ளங்கையில வெச்சுக்கலாம் போல இருக்கு.” கொஞ்சம் அழுதான். “இங்க நம்ம புரோகிராம்தான் ஓடுது. அதான் ஒரே தைரியம். உங்க நாய் காவலுக்கு இருக்கில்ல?”

“இருக்குப்பா,” என்றேன். இருந்ததே.

அன்று மத்தியானம் அந்த வார்டிலிருந்தே ஒரு நர்ஸ் கூப்பிட்டாள். ஏதாவது சந்தேகம் என்றால் அழைக்க எங்கள் நம்பரை அங்கே ஒட்டி வைத்திருக்கிறார்கள்.

“மேடம், புரோகிராம் சொல்ற அளவு ஜாஸ்தியா தெரியுது. உங்க ஆபீஸ் சாரோட குழந்தைதான். ஒரு கிலோவுக்குக் கீழ. டாக்டர் ஆபரேஷன்ல இருக்காரு. ஏத்தலாமா?”

நான் சுவரைப் பார்த்தேன்.

“சோதனையெல்லாம் பச்சையாதான் இருக்கு, சிஸ்டர்.”

“அப்பாடா. சரிங்க மேடம், தேங்க்ஸ்.”

நான் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ‘ஏத்தாதீங்க’ என்றும் சொல்லியிருக்கலாம். எந்தக் குழந்தை, எவ்வளவு மருந்து, என்ன ஆகும், மூன்றும் தெரிந்துதான் சொல்லவில்லை. சாயங்காலத்துக்குள் முடிந்துவிட்டது. எழுதிக்கொள்ளுங்கள்.

அவன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னீர்கள். அக்கா ஏன் இப்படிச் செய்தாள் என்று எல்லோரையும் கேட்கிறானாம். இப்போதும் கேட்கிறானே தவிர, படித்துப் பார்க்க மாட்டேன் என்கிறான். அன்றைய திரையை அவனிடம் காட்டுங்கள். கடைசி வரிக்குக் கொஞ்சம் மேலே, ‘தோல்வி’ என்று இருக்கும். அது நான் எழுதியது. அதில் ஒரு தப்பும் கிடையாது, சார். அந்தக் குழந்தைக்காகக் குரைத்தது நான் ஒருத்திதான்.