யட்டவத்த பஸ்ஸில் ஒரு நோயில்லாதவள்

வியாதி இல்லை என்பதற்காக அழுத ஒருத்தியை அன்றைக்குத்தான் பார்த்தேன். மாத்தளை ஆஸ்பத்திரி வாசலில் யட்டவத்த பஸ்ஸில் ஏறி, என் முன் சீட்டில் உட்கார்ந்தாள். கூட வந்தவள் அவளைவிட இளையவள். இருவரும் ஒரே தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் என்று பேச்சில் தெரிந்தது.

"ஒடம்புல ஒண்ணும் இல்லைன்னுட்டாருடி டாக்டர்."

"நல்ல சேதிதானேக்கா? அதுக்கா அழுவுறீங்க?"

"வார்டுல போடுவாங்கன்னு நெனச்சேன். மாத்துச் சீலகூட எடுத்துக்கிட்டு வந்தேன்." மடியிலிருந்த பையைத் தட்டிக் காட்டினாள்.

"நீங்க வார்டுல படுத்துக்கிட்டா, படுக்கையில கெடக்குற ஒங்க அப்பாவ யாரு பாக்குறது?"

"நான் விழுந்துட்டேன்னு தந்தி போனாத்தான் கொழும்புல இருக்குற தம்பி வருவான். அப்பா விழுந்ததுக்கு வரல. எனக்கும் நாலு ராத்திரி தூக்கம் கெடைக்கும்."

"இப்ப அப்பாகிட்ட யாரு இருக்கா?"

"யாரும் இல்ல. பக்கத்துல கஞ்சிய வச்சிட்டு, கதவ வெளியில பூட்டிட்டு வந்தேன்."



தோட்டத்துச் சந்தியில் பஸ் நின்றது. இளையவள் எழுந்தாள். மற்றவள் அசையவில்லை.

"எறங்குங்கக்கா, நம்ம சந்தி வந்திருச்சு."

"நீ போடி. பஸ்ஸு யட்டவத்த போயிட்டு இதே வழியாத்தானே திரும்பி வரும்? அதுவரைக்கும் நான் உக்காந்திருக்கேன்."