மெலிந்த சீதை

1957ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் பதினேழாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. மூடுபனி விலகி, இளவெயில் பொகவந்தலாவை மலைச்சரிவெங்கும் இன்பமாகப் பரவிற்று.

இன்ஸ்பெக்டர் ஐயா, என் பெயர் நல்லமுத்து. தேயிலைத் தோட்டத்துக் கட்டடங்களுக்கு வர்ணம் பூசுபவன். நாற்பதாம் வயதில் இரவுப் பாடசாலையில் எழுத்தறிந்தேன் என்பதை மகிழ்வுடன் தெரிவித்துக்கொள்கிறேன். முதன்முதலாக நான் தனித்து வாசித்தது சீதாப்பிராட்டியின் கதையாகும். அதன்படி, அசோகவனத்திலே பிராட்டி ஊணின்றி மெலிந்து, அழுக்கேறிய ஒற்றை ஆடையுடன் இருந்தாள். நஸார் மளிகைக்கடை நாட்காட்டிப் படத்திலோ, கொழுத்த கன்னமும் பட்டுச்சேலையுமாக, கலியாண வீட்டுக்கு வந்தவள்போல் அமர்ந்திருக்கிறாள். இப்பிழையைத் திருத்துவது கற்றவன் கடமையன்றோ?

ஆதலால், கோயில் திருவிழாவுக்குரிய படுதாவில் மெய்யான சீதையை வரையத் தீர்மானித்தேன். பார்த்து வரைவதற்கு என் மனைவி பூரணியை அமர்த்தினேன். கொழுந்துக்கூடை சுமந்த அவளுடைய தோள்கள் திரண்டிருந்தன. அவளை மெலியச் செய்தல் அவசியமாயிற்று.

"நான் மெலியணுமா? மொதல்ல ஒங்க தொப்பைய வரைங்க பாப்போம்," என்று அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். பின்பு அவளை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டி, வாசலில் வேப்பிலை செருகினேன். வேப்பிலையைக் கண்டால், அம்மை வார்த்திருக்கிறது என்று எங்கள் வரிசை வீடுகளான லயத்தில் எவரும் உள்ளே வாரார், மருந்துக்காரரிடமும் சொல்லார்.

இரு வாரங்கள் அவளுக்கு வெறுந்தேநீர் மட்டும் கொடுத்தேன். "சோறு குடுங்கடி" என்று அவள் கூவியபோது, ஆத்தாளே கேட்கிறாள் என அயலார் கன்னத்தில் போட்டுக்கொண்டு வாசலில் கூழ் வைத்தனர். அதை நான் அருந்தினேன். உணவை வீணாக்குதல் தகாது. கன்ன எலும்பு தெரியத் தெரிய, ஓவியம் மிகச் சிறப்பாக அமைந்தது.

அம்மை இறங்கியவருக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வழக்கத்தை மட்டும் மறந்துவிட்டேன். இன்று பக்கத்துக் காம்பரா அறையில் வசிக்கும் காளியாயி, பெண்கள் புடைசூழ மஞ்சள்நீர்க் குடத்துடன் வந்தாள்.

"தொறங்கண்ணே, ஆத்தாளக் குளிப்பாட்டணும்."

நான் மறுக்கவே, குடத்தை என் தலையில் கவிழ்த்துச் சாவியைப் பறித்தாள்.

பூரணியின் உடம்பில் ஒரு தழும்பும் இல்லை. அவளால் எழுந்து நிற்கவும் இயலவில்லை. அவளுக்குக் கூழ் ஊட்டியவாறே காளியாயி, "ராவணங்கூடப் பட்டினி போடலையேடா," என்றாள். அது சரியே, பிராட்டி தானாகவே உண்ணாதிருந்தாள் என்றுதான் ஏட்டில் உள்ளது.

பூரணி படுதாவை நெடுநேரம் பார்த்தாள். "சீதை நல்லாத்தான் இருக்கா. தொப்பையத்தான் இன்னும் காணோம்," என்றாள். நனைந்து நின்ற என்னைக் காட்டிப் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தனர். காரணம் எனக்கு விளங்கவில்லை.

ஐயா, படுதாவில் ராவணனுக்குரிய இடம் மட்டும் வெறுமையாக உள்ளது. தோட்டமெங்கும் தேடியும் தக்க முகம் அகப்படவில்லை. அனுமதித்தால் முடித்துத் தருவேன். பணி தடைப்பட்டது காலை பத்தேகால் மணிக்கு.